ஓர் எழுத்துப் பிழை... 73 ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்த மகன்!

1915ஆம் ஆண்டு, அக்டோபர் 2. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பர்வாஷ் என்றொரு சிற்றூர். அங்கே 'பேட்மன்ஸ்' என்ற பழைய கல் வீட்டுக்கு ராணுவ அலுவலகத்திலிருந்து ஒரு தந்தி வந்தது. மகன் ஜானைப் போர்க்களத்தில் காணவில்லை என்றது தந்தி. இறந்துவிட்டான் என்று அதில் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் இல்லை.

அந்த வீட்டுக்காரரை நமக்கெல்லாம் தெரியும். ஓநாய்கள் வளர்த்த மோக்லியையும், பகீரா என்ற கருஞ்சிறுத்தையையும், பாலு என்ற கரடியையும் உலகத்துக்குக் கொடுத்த ருட்யார்ட் கிப்ளிங். 1865இல் பம்பாயில் பிறந்தவர். 1907இல் இலக்கிய நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 41.

அவருடைய இன்னொரு முகமும் இந்தியர்களுக்குத் தெரியும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை மனதார நம்பியவர். அதைப் பாடிப் புகழ்ந்தவர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குக் காரணமான டயருக்கு இங்கிலாந்தில் நிதி திரட்டியபோது, பணம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால், அந்தத் தந்தியைக் கையில் வாங்கிய அன்று அவர் ஒரு தகப்பன். அதிலும், மகனை அந்தப் போருக்குத் தன் கையாலேயே அனுப்பிவைத்த தகப்பன்.

கண்ணாடி போட்ட பையன்

கிப்ளிங் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஜோசஃபின். 1899இல் குடும்பத்தோடு நியூயார்க் போயிருந்தபோது, தந்தையும் மகளும் ஒரே சமயத்தில் நிமோனியாவில் படுத்தார்கள். தந்தை பிழைத்துக்கொண்டார். ஆறு வயது ஜோசஃபின் பிழைக்கவில்லை. அதன்பின் மிஞ்சியவர்கள் எல்சியும், 1897 ஆகஸ்ட் 17இல் பிறந்த கடைக்குட்டி ஜானும்தான்.

ஜானைக் கடற்படையில் சேர்க்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆனால், பையனுக்குத் தந்தையைப் போலவே கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் கொஞ்ச தூரத்தில் இருப்பதுகூடத் தெரியாது. கடற்படைக் கனவு அங்கேயே முடிந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் தரைப்படையில் சேரப் போனான். அங்கேயும் மருத்துவப் பரிசோதனையில் கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நாட்டின் மிகப் பெரிய எழுத்தாளரின் மகன், பார்வைக் குறை உள்ளவன், 17 வயது. வீட்டில் இருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், இளைஞர்கள் படையில் சேர வேண்டும் என்று மேடை ஏறிப் பேசிக்கொண்டிருந்த தந்தைக்கு, தன் மகன் மட்டும் வீட்டில் இருப்பது ஒப்பவில்லை. மகனுக்கும் போக வேண்டும் என்ற தவிப்பு.

கிப்ளிங் ஒரு பழைய நண்பரிடம் போனார். அவர் ஃபீல்டு மார்ஷல் லார்டு ராபர்ட்ஸ். கான்பூரில் பிறந்தவர், 1880களில் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். அப்போது ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் கௌரவ கர்னல். ராபர்ட்ஸும் தன் ஒரே மகனை 1899இல் தென்னாப்பிரிக்கப் போரில் பறிகொடுத்தவர்தான். அவர் சொன்ன ஒரு வார்த்தையில், ஜானுக்கு ஐரிஷ் கார்ட்ஸில் அதிகாரிப் பதவி கிடைத்தது. பிரான்ஸில் போரிட்டுக்கொண்டிருந்த இந்தியப் படையினரைப் பார்க்கப் போன ராபர்ட்ஸ், அதே ஆண்டு நவம்பரில் அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

சிபாரிசு செய்து மகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த தகப்பன்மார்கள் எத்தனையோ பேர். கிப்ளிங் வாங்கிக் கொடுத்த வேலை, ஓராண்டில் மகனைப் போர்முனையில் கொண்டுபோய் நிறுத்தியது. 1915 ஆகஸ்டில், பதினெட்டாவது பிறந்தநாளையொட்டி, ஜான் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினான். அந்த வயதில் கடல் கடந்து போரிடப் போகப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தையும் கிப்ளிங் கொடுத்திருந்தார்.

லூஸ் என்ற ஊர்

வடக்கு பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் இருக்கிறது லூஸ். 1915 செப்டம்பர் 25 அன்று அங்கே பிரிட்டன் ஒரு பெரும் தாக்குதலைத் தொடங்கியது. பிரிட்டிஷ் படை முதன்முதலாக விஷவாயுவைப் பயன்படுத்தியது அந்தப் போரில்தான். பல இடங்களில் காற்று திசைமாறி, வாயு சொந்தப் படையினர் மீதே திரும்பியது. சில வாரங்களில் பிரிட்டிஷ் தரப்பில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள்.

செப்டம்பர் 27 மாலை. ஜான் இருந்த ஐரிஷ் கார்ட்ஸ் இரண்டாம் பட்டாலியன், 'சாக் பிட் வுட்' என்ற இடத்தை நோக்கி முன்னேறியது. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளமும், அதையொட்டிய சிறு காடும். அதற்கப்பால் ஒரு சுரங்கத்தின் கட்டடங்கள். அங்கிருந்து ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள் சீறின. அந்தக் கட்டடங்களின் பக்கம் ஜானைப் பார்த்ததாகச் சிலர் பின்னால் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஜானுக்குப் பதினெட்டு வயது நிறைந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

'என் மகனைப் பார்த்தீர்களா?'

காணவில்லை என்ற சொல்லில் நம்பிக்கை இருக்கிறது. அதுதான் அந்தச் சொல்லின் கொடுமையும். காயம் பட்டு எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம். நினைவிழந்து ஏதோ ஒரு மருத்துவமனையில் கிடக்கலாம். கிப்ளிங்கும் மனைவி கேரியும் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தார்கள்.

தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதங்கள் பறந்தன. அமெரிக்கா அப்போது போரில் சேராத நாடு. அதன் தூதர் மூலம் ஜெர்மனியில் விசாரித்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் கைதிகள் பட்டியலில் தேடினார்கள். ஜானைப் பற்றிக் கேட்கும் துண்டுப் பிரசுரங்களை விமானத்திலிருந்து ஜெர்மானியர் இருந்த பகுதியில் போடவும் ஏற்பாடு நடந்தது. அத்தனையிலும் பொறுமை வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஐரிஷ் கார்ட்ஸில் உயிர் பிழைத்தவர்களை, காயம்பட்டு மருத்துவமனைகளில் கிடந்தவர்களை, ஒவ்வொருவராகத் தேடிப்போய், என்ன பார்த்தாய், எங்கே பார்த்தாய், எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று கேட்பது.

சொன்னவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டே போனான் என்றார் ஒருவர். கட்டடத்துக்குள் நுழைந்ததைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர். புகையிலும் குண்டுமழையிலும் யார் யாரைச் சரியாகப் பார்த்திருக்க முடியும்?

கிப்ளிங்கின் நெருங்கிய நண்பர், சாகசக் கதைகளால் புகழ்பெற்ற எழுத்தாளர் ரைடர் ஹாகார்ட். அவரும் தன் பங்குக்கு விசாரித்தார். 1915 டிசம்பரில், அன்றைய சண்டையில் இருந்த ஓர் ஐரிஷ் வீரன் மூலம் அவருக்கு ஒரு தகவல் கிடைத்தது. ஓர் இளம் அதிகாரி, குண்டுச் சிதறலில் வாய் சிதைந்த நிலையில், வலி தாங்காமல் அழுதுகொண்டிருந்தார். அவர் ஜான்தான் என்று நினைக்கிறேன் என்றான் அந்த வீரன். ஹாகார்ட் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நண்பரிடம் சொல்லவில்லை. மகனுடைய கடைசி நிமிடங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த தந்தையிடம் அதை எப்படிச் சொல்வது?

போர் 1918இல் முடிந்தது. கைதிகள் திரும்பி வந்தார்கள். ஜான் வரவில்லை. மகன் இறந்துவிட்டான் என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள். தேடுவதை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது தேடியது உடலை.

எல்லோருக்கும் ஒரே கல்

1917 மே மாதம் ராஜ சாசனத்தால் 'இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம்' உருவானது. ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சி அது. இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதுதான். கிப்ளிங்கை அதன் உறுப்பினராக்கினார்கள். 1936இல் இறக்கும்வரை அந்தப் பணியிலிருந்து அவர் விலகவில்லை.

ஆணையம் இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, யாருடைய உடலையும் ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. விழுந்த மண்ணிலேயே அடக்கம். இரண்டு, தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவு, ஒரே வடிவக் கல். பணக்காரர் மகனுக்குப் பளிங்கு மண்டபம், ஏழையின் மகனுக்கு மரக்குச்சி என்ற பேதம் கூடாது.

இதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. என் பிள்ளையின் உடலை என்னிடம் கொடு என்று தாய்மார்கள் மனுப் போட்டார்கள். 1920 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது, கிப்ளிங்கின் கடிதம் ஒன்று அங்கே வாசிக்கப்பட்டது. எங்கள் பையன் லூஸில் காணாமல் போனான், போய் நிற்பதற்கு எங்களுக்குக் கல்லறையே கிடையாது, கல்லறை கிடைத்தவர்கள் தங்கள் பாக்கியத்தை உணர வேண்டும் என்பது அதன் சாரம். ஆணையத்தின் முடிவு நிலைத்தது.

கல்வெட்டுக்கான சொற்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் கிப்ளிங்குக்கு வந்தது. அடையாளம் தெரியாத உடல்கள் லட்சக்கணக்கில் இருந்தன. பெயரில்லாத அந்தக் கற்களில் என்ன எழுதுவது? மாபெரும் போரின் வீரன் ஒருவன், இவனை இறைவன் அறிவான் என்று பொருள்படும் வரியை அவர் கொடுத்தார். அந்த வரி ஆயிரமாயிரம் கற்களில் ஏறியது. அதில் ஒரு கல், அவருடைய மகனின் தலைமாட்டில் நின்றது. அவருக்கு அது கடைசிவரை தெரியாது.

1920 முதல் கிப்ளிங் தம்பதி அடிக்கடி பிரான்ஸ் போனார்கள். காரில் கல்லறைத் தோட்டம் கல்லறைத் தோட்டமாகச் சுற்றினார்கள். ஜானைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன அந்தக் காட்டுக்கும் போய் நின்றார்கள். மகன் பணியாற்றிய படைப்பிரிவின் போர் வரலாற்றை எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்ட கிப்ளிங், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்து 1923இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நாட்குறிப்புகள், வரைபடங்கள், வீரர்களின் நேர்ப்பேச்சு என்று எல்லாவற்றையும் திரட்டி எழுதிய நூல். அதில் லூஸ் போரில் தன் மகனுக்கு அவர் ஒதுக்கிய இடம் சில சொற்கள் மட்டுமே. செகண்ட் லெப்டினன்ட் கிப்ளிங், காயமடைந்தார், காணவில்லை. மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான்.

புத்தகம் காப்பாற்றிய இன்னொரு மகன்

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவம். பிரெஞ்சுப் படைவீரர் ஒருவர், கிப்ளிங்கின் 'கிம்' நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நெஞ்சை நோக்கி வந்த குண்டு அந்தப் புத்தகத்தைத் துளைத்து, கடைசிச் சில பக்கங்களுக்கு முன்னால் நின்றுபோனது. கிப்ளிங்கின் மகன் இறந்த செய்தி தெரிந்ததும், குண்டு துளைத்த புத்தகத்தையும், வீரத்துக்காகத் தனக்குக் கிடைத்த பதக்கத்தையும் அவர் கிப்ளிங்குக்கே அனுப்பிவைத்தார்.

பின்னாளில் அந்த வீரருக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ழான் என்று பெயர் வைத்தார். ஜான் என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம் அது. ஞானத் தந்தை, கிப்ளிங். புத்தகமும் பதக்கமும் அந்தக் குழந்தைக்கே திரும்பிப் போயின. தன் எழுத்து யாரோ ஒருவருடைய மகனைக் காப்பாற்றியது என்பதில் அவருக்கு ஆறுதல் இருந்திருக்கலாம். தன் மகனை அது காப்பாற்றவில்லை என்ற வலியும்தான்.

1930 ஆகஸ்டில் லூஸ் அருகே பிரம்மாண்டமான நினைவுச் சுவர் திறக்கப்பட்டது. கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருந்தன. ஜானின் பெயரும் இருந்தது. பெற்றோருக்குக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டும்தான். 1936 ஜனவரி 18இல் கிப்ளிங் இறந்தார். அவருடைய அஸ்தியை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைத்தார்கள். 1939இல் கேரி போனார். குழந்தையில்லாத எல்சியும் 1976இல் காலமானார். ஜானைத் தேட அந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

ஜியா, ஹெச்சா?

தேடல் ஓர் அலுவலக அலமாரியில் தொடர்ந்தது. 1990களின் தொடக்கத்தில், ஆணையத்தின் ஆய்வாளர் ஒருவர் பழைய அடக்கப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். போர் முடிந்தபின் சிதறிக் கிடந்த உடல்களைச் சேகரித்துக் கல்லறைத் தோட்டங்களில் புதைத்த குழுக்கள் எழுதிய படிவங்கள் அவை. ஒவ்வோர் உடலுக்கும், அது கிடைத்த இடத்தின் வரைபடக் குறியீடு பதிவாகியிருக்கும்.

அன்றைய போர்க்கள வரைபடத்தைப் புரிந்துகொள்வது சுலபம்தான். நிலப்பரப்பைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஜி, ஹெச் போன்ற கட்டங்களில் 36 சிறு சதுரங்கள்; ஒவ்வொரு சதுரமும் 1,000 கெஜம். அது மீண்டும் ஏ, பி, சி, டி என்று நான்காகும். கடைசியில் இரண்டு எண்கள். ஆக, ஓர் எழுத்து, ஓர் எண், மறுபடி ஓர் எழுத்து, இரண்டு எண்கள் இருந்தால் போதும். 50 கெஜ துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடலாம்.

1919 செப்டம்பரில் கிடைத்த ஓர் உடலைப் பற்றிய பதிவு அந்த ஆய்வாளரின் கண்ணில் பட்டது. பெயர் தெரியாத அதிகாரி, ஐரிஷ் கார்ட்ஸ், லெப்டினன்ட். கிடைத்த இடம் ஜி 25 சி 6.8. ஏன் இவரை யாராலும் அடையாளம் காண முடியவில்லை? காரணம், அந்த இடத்தில் ஐரிஷ் கார்ட்ஸ் சண்டையே போடவில்லை. அதே குழு அதே சமயத்தில் எடுத்த மற்ற உடல்களெல்லாம் வேறு பகுதியில் கிடைத்தவை.

ஜி என்பதை ஹெச் என்று மாற்றிப் பார்த்தால்? குறியீடு 6,000 கெஜம், அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் கிழக்கே நகர்கிறது. நேராக அந்தக் காட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அங்கே உடல் கிடைக்காமல் போன ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒரே ஒருவர்தான். ஜான் கிப்ளிங்.

களைத்துப்போன ஏதோ ஒரு குமாஸ்தா ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டார். அவ்வளவுதான். 1992இல் ஹைன் ஊருக்கு அருகிலுள்ள செயின்ட் மேரீஸ் கல்லறைத் தோட்டத்தில், பெயரில்லாமல் நின்ற கல்லை எடுத்துவிட்டு, பெயரோடு புதிய கல்லை நட்டார்கள். 73 ஆண்டுகள் கழித்து ஜானுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

அதோடு முடியவில்லை

சில ஆய்வாளர்கள் இதை ஒப்பவில்லை. ஜான் இறந்தபோது செகண்ட் லெப்டினன்ட் அல்லவா, தந்தையே அப்படித்தானே எழுதியிருக்கிறார் என்றார்கள். லெப்டினன்ட் பதவி உயர்வு அரசிதழில் வந்தது 1915 நவம்பரில், அவன் காணாமல் போன பிறகு. அப்படியானால் உடலில் லெப்டினன்ட் சின்னம் எப்படி இருக்கும்? அது இன்னொரு ஐரிஷ் படைப்பிரிவின் அதிகாரியாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

நியாயமான கேள்விதான். பெயரைத் தவறாக எழுதிவிட்டால், அங்கே கிடப்பவருக்கும் அநியாயம். அவருடைய குடும்பத்துக்கும் அநியாயம். போரின் நூற்றாண்டையொட்டி வேறு ஆய்வாளர்கள் மறுபடி எல்லா ஆவணங்களையும் எடுத்தார்கள். பதவி உயர்வு 1915 ஜூன் முதலே செல்லுபடியாகும்படி அறிவிக்கப்பட்டிருந்தது. பிரான்ஸில் இறங்கியபோதே ஜான் தன்னை லெப்டினன்ட் என்று குறிப்பிட்டிருந்ததும் தெரியவந்தது. கல்லில் உள்ள பெயர் சரிதான் என்று ஆணையம் உறுதிசெய்தது.

ஜானுக்காவது உலகப் புகழ்பெற்ற தந்தை இருந்தார். அதனால்தான் அந்தப் பதிவை இத்தனை பேர் இத்தனை முறை படித்தார்கள். ஜான் கிடக்கும் அதே தோட்டத்தில் 1,500க்கும் மேற்பட்ட கற்கள் இன்னும் பெயரில்லாமல் நிற்கின்றன. அவர்கள் வீட்டுக்கும் ஒரு தந்தி போயிருக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காக இறந்தவர்களில், கல்லறை எது என்று தெரியாதவர்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் அதிகம்.

அவர்களில் இந்தியர்களும் உண்டு. லூஸுக்குச் சற்று வடக்கே நவ் ஷப்பேல் என்ற ஊரில் இந்திய வீரர்களுக்கான நினைவகம் இருக்கிறது. உடல் கிடைக்காத 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. 1927 அக்டோபரில் அதைத் திறந்துவைத்தபோது கலந்துகொண்டவர்களில் கிப்ளிங்கும் ஒருவர்.

சென்னையில் நந்தம்பாக்கம் வழியாகப் போகிறவர்கள் சாலையோரத்தில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். ஒழுங்காக வெட்டிய புல், வரிசை வரிசையாக நினைவுக் கற்கள். பிரான்ஸில் ஜானின் கல்லறையைப் பராமரிக்கும் அதே ஆணையம்தான் அதையும் பராமரிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவின் பல ஊர்களில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னமும் அங்கேயே இருக்கிறது. எங்கோ பிறந்து, முன்பின் தெரியாத ஊரில் மண்ணுக்குள் போனவர்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது உள்ளே நுழைந்து, ஒரு கல்லின் முன் நின்று அந்தப் பெயரையும் வயதையும் படித்துப் பார்க்கலாம்.

அந்தப் பெயரைப் படிக்க வராமலே போன தகப்பன் எத்தனையோ பேர். கிப்ளிங் அவர்களில் ஒருவர்.